கனமான பைக்குக்கு டயர் வாங்குகிறீர்களா? எண்ணைப் படியுங்கள், பில்லைக் கேளுங்கள்

பல லட்சம் கொடுத்துப் பெரிய பைக் வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, மைலேஜையும் குதிரைத்திறனையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதே வண்டிக்கு டயர் மாற்றும் நாள் வந்தால், “பின்னாடி கொஞ்சம் அகலமாப் போடுங்கண்ணே, கிரிப்பா இருக்கணும்” என்று ஒரே வாக்கியம். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வருகிற புகார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. ஈரச் சாலையில் பிரேக் பிடித்ததும் முன்சக்கரம் வழுக்கியது. மலை வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஓராண்டுகூட ஆகவில்லை, டயரின் பக்கவாட்டில் புடைப்பு வந்துவிட்டது. “பில் இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை. “அந்த டயர் எங்கே?” என்றால் கடையிலேயே விட்டாச்சு. “டயரில் என்ன எண் போட்டிருந்தது?” என்றால் பதிலே இல்லை. பில், டயர், எண் ஆகிய மூன்றும் கையில் இல்லாதவருக்கு எந்த அலுவலகத்திலும் எளிதில் நியாயம் கிடைக்காது. ஆகவே இழப்பு நேர்ந்த பிறகு புலம்புவதைவிட, கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சொல்வது நீண்ட தூரம் ஓடும் கனமான வண்டிகளைப் பற்றி. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 பெட்ரோலோடு 241 கிலோ. சுசுகி ஹயபுசா 266 கிலோ. இத்தோடு ஓட்டுபவர், பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பெட்டி. 400 கிலோவைத் தாண்டிவிடும். அத்தனை எடையும் சாலையைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பரில்தான்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ன?

ஹயபுசாவின் பின் டயரை எடுத்துக்கொள்வோம். 190/50 இசட்ஆர் 17, அதன் பக்கத்தில் 73 டபிள்யூ என்று இருக்கும். 190 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 50 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல் கட்டமைப்பு. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதுவரை எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். கடைசியில் இருக்கும் 73 டபிள்யூவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

73 என்பது லோடு இன்டெக்ஸ், அதாவது அந்த டயர் தாங்கும் எடையின் குறியீடு. 73 என்றால் 365 கிலோ. 69 என்றால் 325 கிலோ. 63 என்றால் 272 கிலோ. முன் டயர்களில் பரவலாக இருக்கும் 58 என்றால் 236 கிலோ. அதையடுத்து வரும் எழுத்து வேகக் குறியீடு. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் 210, வி 240, டபிள்யூ 270.

“நாம் எங்கே 270-ல் போகப்போகிறோம்?” என்று கடைக்காரர் சொல்வார். நீங்களும் தலையாட்டுவீர்கள். அந்த எழுத்து வேகத்தோடு முடிவதில்லை. எடையும் வெயிலும் வேகமும் சேர்ந்து உண்டாக்கும் சூட்டை அந்த டயரின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதையும் அதுதான் காட்டுகிறது. சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து மதுரைக்கு இருவரும் பெட்டிகளுமாகப் போகும்போது அந்தத் தாங்குதிறன் முழுவதும் தேவைப்படும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணுக்கும் எழுத்துக்கும் குறைந்த டயரை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். அளவு ஒன்றாக இருந்து லோடு இன்டெக்ஸ் குறைவாக இருக்கும் டயர்கள் சந்தையில் உண்டு. விலையும் குறைவாக இருக்கும். வேண்டாம்.

கிரிப் எங்கிருந்து வருகிறது?

ரப்பர் எவ்வளவு மிருதுவோ அவ்வளவு கிரிப் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. ரேஸுக்காகச் செய்த மிருதுவான டயர், நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுப் பிடிமானம் தரும். காலை ஆறு மணிக்கு ஈரமான ஈசிஆரில் அது சூடேறுவதற்குள் நீங்கள் முதல் வளைவுக்கு வந்துவிடுவீர்கள். பட்டனில், அதாவது சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பரப்பில், தண்ணீர் போக வழியும் அதில் குறைவு. மேலும் நம் நெடுஞ்சாலைப் பயணம் பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான். மிருதுவான டயரின் நடுப்பகுதி சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தட்டையாகிவிடும். தட்டையான டயரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்த்தால், விளிம்பில் ஏறி இறங்குவதுபோல் ஒரு தடுமாற்றம் வரும்.

தூரம் போகும் கனமான வண்டிக்கு ஸ்போர்ட் டூரிங் வகை டயர்தான் சரி. இதில் நடுப்பகுதியில் தேய்மானம் தாங்கும் கடின ரப்பரும், சாய்க்கும்போது சாலையைத் தொடும் ஓரங்களில் மிருதுவான ரப்பரும் வைத்திருப்பார்கள். ஈரத்தில் பிடிமானம் தருவதற்காக ரப்பர் கலவையில் சிலிக்கா சேர்க்கிறார்கள். குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும், மழையிலும் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் வண்டி ஓட்டுகிற நமக்கு வேண்டியது அதுதான்.

இதற்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒரே பெயரில், ஒரே அளவில் இரண்டு விதமாக டயர் செய்கின்றன. மிச்செலின் ரோடு 6 என்று ஒன்று, ரோடு 6 ஜிடி என்று இன்னொன்று. பிரிட்ஜ்ஸ்டோன் டி32, டி32 ஜிடி. பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2-ல் ‘ஏ’ குறியிட்ட வகை. மெட்ஸெலர் ரோட்டெக் 01-ல் எச்டபிள்யூஎம் என்று குறியிட்ட வகை. இந்தக் குறியுள்ளவை கனமான டூரிங் வண்டிகளுக்காக உள்கட்டமைப்பை இறுக்கமாகச் செய்தவை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உங்கள் வண்டிக்கு எது என்பதை டயர் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் போட்டுப் பாருங்கள். கடையில் இருப்பது சாதாரண வகை, உங்களுக்குத் தேவை கனவண்டி வகை என்றால், ஒரு வாரம் காத்திருங்கள். “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொல்வார்கள். ஒன்றல்ல.

முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே ஜோடி டயர் போடுவது நல்லது. முன்னால் ஒரு கட்டமைப்பு, பின்னால் வேறு கட்டமைப்பு என்று கலப்பது, வண்டி நிறுவனமே அப்படிக் கொடுத்திருந்தால் ஒழிய, வேண்டாம்.

அகலம் கூட்டினால் வருவது வழக்கு

130 போட வேண்டிய இடத்தில் 150 போடுகிறார்கள். ரிம் அதே ரிம்தான். குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் வளைவு மாறி நடுப்பகுதி குவிந்துகொள்ளும். சாலையைத் தொடும் பரப்பு நீங்கள் நினைத்தபடி அதிகமாகாது. செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசலாம். சக்கரத்தின் சுற்றளவு மாறினால் ஏபிஎஸ் கணக்குப் போடும் வேகமும் தப்பாகும்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. நாளை அந்த டயர் வெடித்து, விற்றவர்கள் மேல் நீங்கள் வழக்குப் போட்டால், பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார், மாற்றிப் பொருத்தினார் என்ற ஒரே வாதத்தில் அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு அந்த வாதத்துக்கு இடம் தருகிறது. அழகுக்காகப் போட்ட 20 மில்லிமீட்டர் உங்கள் வழக்கையே தின்றுவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தேதி. டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆரம்பிக்கும் வரியின் முடிவிலோ, தனியாக ஒரு சிறு நீள்வட்டத்துக்குள்ளோ நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் மட்டுமே அச்சிட்டிருக்கலாம். ஆகவே டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே திருப்பிப் பாருங்கள். ஏற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை. பெரிய பைக் டயர்கள் மெதுவாக விற்பவை. தகரக் கூரைக் கடையில் வெயிலில் வெந்து, மூன்று நான்கு ஆண்டு கிடந்த டயரைப் புது டயர் விலைக்கே தருகிறார்கள். ரப்பர் இறுகிய டயரில் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடிமானம் இருக்காது. ஓராண்டுக்குள் செய்த டயரைக் கேட்பது உங்கள் உரிமை. பொருளின் தரம் பற்றி அறியும் உரிமையை நுகர்வோர் சட்டமே தருகிறது.

அடுத்தது ஐஎஸ்ஐ முத்திரை. 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி வாகன டயர்களுக்கு இது கட்டாயம். இருசக்கர, மூன்றுசக்கர வண்டி டயர்களுக்கான தரநிலை ஐஎஸ் 15627. முத்திரையோடு சிஎம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் என்ற செயலியை போனில் இறக்கி, அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் தந்திருக்கிறார்கள், அது நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

“இம்போர்ட்டட் சார், அதுல ஐஎஸ்ஐ இருக்காது” என்பார்கள். வெளிநாட்டில் செய்த டயரானாலும், இங்கே விற்பனைக்கு வரும் டயருக்கு அந்த நிறுவனம் இந்திய உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2020 ஜூனில் மோட்டார் சைக்கிள் டயர் உள்படப் புது டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன் பிறகு எப்படியோ வந்துசேரும் முத்திரையில்லாத டயருக்கு வாரண்டி கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முத்திரையின்றி விற்பவருக்கு 2016-ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம் உண்டு. பார்த்தால் அதே செயலியில் புகார் பதியுங்கள். சென்னை தரமணியில் சிஐடி வளாகத்தில் பிஐஎஸ் அலுவலகம் இருக்கிறது, கோவையிலும் கிளை உண்டு. அதிகாரிகள் தாங்களாகக் கடை கடையாக வந்து டயரைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுத்தில் புகார் போனால்தான் கோப்பு நகரும்.

ரேஸ் டிராக்கில் ஓட்டி முடித்த டயர், தேய்ந்த பட்டனைக் கத்தியால் வெட்டி ஆழப்படுத்திய டயர், மெருகு பூசிய பழைய டயர், இவை எதையும் கனமான வண்டிக்குப் போடவே கூடாது. பாதி விலை என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

பில்: இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்

“பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும்” என்பது பழைய தந்திரம். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அந்தப் 18 சதவீதத்தை மிச்சம் பிடிப்பதற்காக உங்கள் சட்ட உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது.

வெறும் “டயர் - 2” என்று எழுதிய பில் போதாது. பில்லில் இவை இருக்க வேண்டும்:

- கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி
- டயரின் நிறுவனம், மாதிரிப் பெயர் (ஜிடி, ஏ போன்ற குறியோடு), முழு அளவு, லோடு இன்டெக்ஸ், வேகக் குறியீடு
- ஒவ்வொரு டயரின் வரிசை எண்ணும் நான்கு இலக்கத் தயாரிப்பு வாரமும்
- உங்கள் வண்டிப் பதிவு எண்ணும் அன்றைய ஓடோமீட்டர் அளவும்
- வாரண்டி எத்தனை மாதம், எந்தத் தேதியிலிருந்து என்பது

கணினியில் இத்தனை வராது என்றால், பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதி, முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அப்படியே போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். வெப்பத்தாள் பில்லின் மை ஓராண்டில் மறைந்துவிடும்.

மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அது சரியா என்று நீங்களே பாருங்கள். டியூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் பேலன்சிங் கட்டாயம். கம்பிகளைக் கொண்டு நெம்பி மாட்டும் கடையில் அலாய் ரிம்மைக் கொடுக்காதீர்கள், இயந்திரம் உள்ள கடைக்குப் போங்கள்.

புது டயரின் மேல்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டராவது அதிரடி வேகமும் அழுத்தமான பிரேக்கும் ஆழமான சாய்வும் வேண்டாம். கடையைவிட்டு வெளியே வந்த முதல் திருப்பத்திலேயே விழுந்தவர்கள் இருக்கிறார்கள். டயர் பளபளக்கப் பாலிஷ் அடிக்கச் சொல்வோருக்கு ஒரு வேண்டுகோள்: பட்டனில் அந்தத் திரவம் பட்டால் எண்ணெய் தடவியதற்குச் சமம். அடிக்காதீர்கள்.

காற்று விஷயத்தில் நம் அலட்சியத்துக்கு அளவேயில்லை. ஹயபுசாவுக்கு முன்னும் பின்னும் 42 பிஎஸ்ஐ. பங்க்கில் இருக்கும் பையன் 100 சிசி வண்டிக்கு அடிப்பதையே இதற்கும் அடிக்கிறான். தப்பு அவனுடையதா, அளவைச் சொல்லாத உங்களுடையதா? அளவு செயின் கார்டிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. லோடு இன்டெக்ஸ் சொல்லும் எடையைத் தாங்குவதுகூடக் காற்று சரியாக இருந்தால்தான். குறைந்த காற்றில் கனமான வண்டி ஓடினால் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறும், உள்ளே நூல் அறுந்து, ஒருநாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பங்க் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பங்க்கில் காற்று இலவசமாகத் தரவேண்டிய வசதி. எப்போதும் “மெஷின் ரிப்பேர்” என்று அட்டை தொங்கினால் அங்கேயே புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள். நைட்ரஜன் அடித்தாலும் மாதமொரு முறை அளக்கும் வேலை உங்களைவிட்டுப் போகாது.

பஞ்சர் நடுப்பட்டனில் சிறியதாக இருந்தால் ஒட்டலாம். வெளியிலிருந்து ரப்பர் திரி செருகுவது வீட்டுக்கு வந்துசேர மட்டும். டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டிய பிறகே நெடுந்தூரம் போகலாம். பக்கவாட்டில் ஆணி ஏறினால் அந்த டயர் முடிந்தது. ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதிப்படி, இருசக்கர வண்டியின் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் ஓட்டத் தகுதியற்றது. கார், லாரிகளுக்கு 1.6. பட்டன் பள்ளங்களுக்குள் சிறு மேடு இருக்கும். அது எங்கே என்பதைப் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ முக்கோணமோ காட்டும். ரப்பர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் 0.8 என்பது சட்டத்தின் கடைசி எல்லை. 250 கிலோ வண்டியை மழையில் நிறுத்த அது போதாது. இரண்டு மில்லிமீட்டருக்கு வந்ததுமே, ஐப்பசி பிறப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள். பட்டன் இருந்தாலும் ஐந்தாண்டு ஆன டயரை வருடாவருடம் நிபுணரிடம் காட்டுங்கள். பத்தாண்டு ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுங்கள் என்பது டயர் நிறுவனங்களே சொல்வது. நம் வெயிலில் அதுவரை காத்திருப்பதே துணிச்சல்.

பழுதான நிலையில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவில் 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ. சைலன்சருக்கும் நம்பர் பிளேட்டுக்கும் வண்டியை நிறுத்தும் போக்குவரத்துக் காவலர்கள் குனிந்து ஒருமுறை டயரைப் பார்த்தால் எத்தனையோ உயிர் மிஞ்சும். பார்ப்பதில்லை. அதனால் நீங்கள் பாருங்கள்.

டயரில் குறை இருந்தால் என்ன செய்வது?

புடைப்பு, பட்டன் பிளவு, அடுக்குப் பிரிதல் எது கண்ணில் பட்டாலும் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்.

1. படம் எடுங்கள். குறை, முழு டயர், அளவு, வரிசை எண், தயாரிப்பு வாரம், ஐஎஸ்ஐ முத்திரை, ஓடோமீட்டர் எல்லாம் தனித்தனியாக. ஒட்டவோ வெட்டவோ கூடாது.

2. விற்ற கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையோடு ஒப்புகை. வாங்க மறுத்தால் கடைக்கும் டயர் நிறுவனத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான்.

3. நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். டயரை எடுத்துப் போவதானால் வரிசை எண் எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். “கஸ்டமர் மிஸ்டேக்” என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் தேய்ந்த பட்டனுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டு மீதித் தொகைக்கு ஈடு தருவது வழக்கம்.

4. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

5. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கடை எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலைபார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடை, நிறுவனம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பில், படங்கள், ஒப்புகை, 1915 புகார் எண், காயம் இருந்தால் மருத்துவ ரசீது ஆகியவற்றை இணையுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பொருளில் குறை இருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடத்தில்தான் தீர்மானிக்க முடியும் என்றால், ஆணையம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி அந்தப் பொருளை அரசு ஏற்ற கூடத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை கேட்கும். அனுப்ப டயர் இருக்க வேண்டும். பழைய டயர்க்காரரிடம் நீங்கள் போட்டுவிட்ட டயரை ஆணையம் எங்கே தேடும்? வழக்கு முடியும்வரை அந்த டயரைத் துணியில் சுற்றி வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். வீட்டில் திட்டினாலும் வைத்திருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

டயர் வெடித்து விழுந்தால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தருவார். டயரின் நிலையை அந்த அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், நகல் வாங்குங்கள். பின்னாளில் இன்சூரன்ஸ் நிறுவனமும் ஆணையமும் முதலில் கேட்பது அதைத்தான். அறிக்கை வரும்முன் வண்டியை எடுத்து டயரை மாற்றிவிட்டால் சாட்சியை நீங்களே அழித்ததாகும்.

சாதாரண முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடையாது. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயர் விலையில் அதிகபட்சம் பாதி கிடைக்கும். டயருக்குத் தனிக் காப்பு வேண்டுமானால் பாலிசி எடுக்கும்போதே சேர்க்க வேண்டும். அளவு மாற்றிய டயரும் மொட்டை டயரும் கோரிக்கையை மறுக்கக் காரணமாகும். அநியாயமாக மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, அதற்கடுத்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கும் கட்டணம் இல்லை.

அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். 0.8 மில்லிமீட்டர் விதி எத்தனையோ காலமாகப் புத்தகத்தில் இருக்கிறது. அதை அளக்கும் சிறு கருவி விலை மலிவானது. ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதை மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் கடையில் மறந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் திரும்பவும் சொல்கிறேன். லோடு இன்டெக்ஸைக் குறைக்காதீர்கள். அகலத்தைக் கூட்டாதீர்கள். ரிம்மில் ஏறுவதற்கு முன் தேதியையும் முத்திரையையும் பாருங்கள். வரிசை எண்ணோடு பில் வாங்குங்கள். டயர் பழுதானால் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை கடைக்காரர் “டீ சாப்பிட்டு வாங்க சார்” என்று சொன்னால், டயர் மாட்டி முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.